ஆரல்வாய்மொழிக் காற்று யாருக்கு?

பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அன்று தொட்டுக் கோதையாற்றுத் தண்ணீரில் தலைமடைக்காரருக்கு எவ்வளவு உரிமையோ, கடைமடைக்காரருக்கும் அவ்வளவு உரிமை என்பதே நம் நாஞ்சில் நாட்டு உழவர் கொண்டுள்ள நியாயம். மடை முறை தவறினால் கேள்வி எழும். கடைமடை காய்ந்தால் ஊர் கூடும். கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவது மழையினால் மட்டுமன்று, இந்த நியாயத்தினாலும்தான். தண்ணீரைக் குறித்து இத்தனை கண்டிப்புள்ள நம் நாட்டில், தலைக்குமேல் வீசும் காற்றைக் குறித்தும், கூரைமேல் காயும் வெயிலைக் குறித்தும் அவ்விதக் கேள்வி எழுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று யாருக்கு உரியது? அதில் நம் மருத்துவமனைக்கும், நம் பள்ளிக்கும், நம் நூற்பாலைக்கும், நம் சங்கக் கிடங்குக்கும் பங்கு உண்டா, இல்லையா? இக்கேள்வியை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து முடியும் இடத்தில் உள்ளது ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கின் வழியே நெருங்கி விரைந்து வருகிறது. ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் அக்காற்றின் வேகத்தை அறியாத தோவாளைத் தாலுகாக்காரர் ஒருவரும் இரார். இக்காற்றை மின்சாரமாக்கலாம் என்பதைத் தமிழ்நாட்டில் முதலில் செய்து காட்டியது தனியார் எவரும் அன்று, அரசாங்கமேயாம். 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தொடர்ந்து கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மின்வாரியத்தின் மாதிரிக் காற்றாலைகள் எழுந்தன. பொதுப்பணத்தில் சோதனை நடந்தது, சோதனை வென்றது.

வென்ற பின்னர் நடந்தது என்ன? 1990-களில் காற்றாலையில் முதல் போடுவோருக்கு வருமானவரியில் பெருஞ்சலுகைகள் அளிக்கப்பட்டன. தொலைவிலுள்ள நூற்பாலைகளும் கம்பெனிகளும் நம் கணவாய்க்கு வந்து நிலம் வாங்கி யந்திரங்களை நாட்டின. அதனை நாம் குறை கூறவில்லை. அவர்கள் முதல் போட்டார்கள், துணிந்தார்கள், பயன் கொண்டார்கள். நாட்டுக்கும் மின்சாரம் கிடைத்தது. ஆனால் இன்றைய கணக்கைச் சற்றே பாருங்கள். தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்டது. அதில் வழிகாட்டிய மின்வாரியத்தின் சொந்தக் காற்றாலைகளின் திறனோ 20 மெகாவாட்டுக்கும் குறைவு. ஆயிரம் பங்கில் இரண்டு பங்குகூட இல்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்ற கதையாக முடிந்தது அது.

பொதுக் கட்டடங்களின் செலவு

அரசாங்கக் கட்டடங்களுக்கு ஆகும் மின்சாரச் செலவைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று நெசவாளரும் உழவரும் கேட்கலாம். அச்செலவு அரசாங்கத்தின் கையிலிருந்து போவதன்று. நம் கையிலிருந்து போவது. மாவட்டத்தின் அரசாங்க மருத்துவமனைகள், கலெக்டர் அலுவலகம், தாலுகா கச்சேரிகள், பள்ளிகள், குடிநீர்த் தொட்டிகளுக்கு நீர் ஏற்றும் பம்புகள், தெருவிளக்குகள் யாவும் இரவு பகலாக மின்சாரம் உண்கின்றன. ஊராட்சியின் வருவாயில் மின்கட்டணத்துக்குப் போன பணம் சாலைக்கும் ஓடைக்கும் திரும்பி வராது. கட்டணம் செலுத்தப்படாமல் நின்றாலோ, அது மின்வாரியத்தின் கடனாகிப் பின்னர் மாநிலத்தின் கடனாகிறது. 2017-இல் உதய் திட்டத்தின்கீழ் மின்வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசாங்கமே தன் தலைமேல் ஏற்க நேர்ந்தது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த உதவி நீடிக்க வேண்டுமானால், அதைத் தாங்கும் பொக்கிஷம் கடனில் மூழ்காதிருத்தல் வேண்டும்.

செலவைவிடப் பெரிது மற்றொன்று உண்டு. 2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை எவரும் மறந்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன; வாழையும் ரப்பரும் வேரோடு விழுந்தன; பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லையெனில் குடிநீரும் இல்லை என்பதை அந்நாட்களில் வீடுதோறும் கண்டோம். அத்தகைய வேளையில் மருத்துவமனையும் குடிநீர் நிலையமும் கம்பியின் மறுமுனையை நம்பியிராமல், தம் கூரையிலேயே பெறும் சக்தியால் சிறிதளவேனும் இயங்குமாயின் அதன் மதிப்பை ரூபாயில் எழுத இயலாது.

இங்கே ஒரு நுட்பத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சாதாரணமாகக் கூரையில் பொருத்தப்படும் சூரியத் தகடுகள், மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. கம்பியில் மின்சாரம் நின்றால், கம்பத்தில் வேலை செய்வோரின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி, அவையும் தாமே நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் விளக்கு எரியாது. ஆதலின் மருத்துவமனைக்கும் குடிநீர்ப் பம்புக்கும் வேண்டுவது மின்கலமும், தனித்து இயங்கவல்ல இன்வர்ட்டரும் சேர்ந்த அமைப்பாகும். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இதைக் கேட்டு வாங்காவிடில், புயல் நாளில் கேட்டுப் பயனில்லை.

ஓர் ஊராட்சி செய்தது

பொது நிறுவனம் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குவது கூடாத காரியம் என்போருக்கு மறுமொழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை விலைக்கு வாங்கியது. விலை ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பில் 40 லட்சம் போக, எஞ்சியதைப் பாங்கியில் கடனாகப் பெற்றார்கள். காற்று நன்கு வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில் யந்திரத்தை நாட்டினார்கள். ஆண்டுக்கு ஆறரை லட்சம் யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் கிடைத்தது. ஊராட்சியின் தேவையோ நாலரை லட்சம் யூனிட் அளவே. மிகுந்ததை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

இதில் நாம் கற்கவேண்டியது யந்திரத்தைப் பற்றியதன்று. யந்திரம் பணம் கொடுத்தால் எவருக்கும் கிடைக்கும். கற்கவேண்டியது, அது எவருடைய சொத்து என்பதாம். ஓடந்துறையில் யந்திரம் ஊராட்சியின் சொத்து. கடன் ஊராட்சியின் கடன். வருவாயும் ஊராட்சியின் வருவாய். ஆகவே யந்திரம் ஒருநாள் நின்றாலும் கேட்பதற்கு ஆள் இருந்தது. சொந்தப் பசுவுக்குத் தீனி வைக்க எவரும் ஏவவேண்டியதில்லை.

ஒரே எரிபொருளில் இரு பயன்

காற்றும் வெயிலும் ஒருபுறம் இருக்க, அரசாங்க நிறுவனங்களுக்கும் கூட்டுறவு ஆலைகளுக்கும் பொருந்தும் மற்றொரு வழி 'இணை மின் உற்பத்தி' என்பது. அதன் தத்துவம் எளியது. நிலக்கரியை எரித்து மின்சாரம் மட்டும் உண்டாக்கும் நிலையத்தில், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வீணாகிறது. ஆனால் கரும்புச் சாற்றைக் காய்ச்சவும், நெல்லைப் புழுக்கவும், நூலுக்குச் சாயம் ஏற்றவும் நமக்கு நீராவியே வேண்டும். ஆகவே கொதிகலனில் உயர்ந்த அழுத்தத்தில் நீராவி உண்டாக்கி, அது முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரச் செய்து, அழுத்தம் தணிந்து வெளிவரும் அதே நீராவியைக் காய்ச்சுவதற்கும் புழுக்குவதற்கும் அனுப்பினால், ஒரே எரிபொருள் இரண்டு வேலை செய்கிறது. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலும் இவ்விதம் பயன்படக் கூடும். மோர் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் மோரையும் பருகுவது போன்றது இது.

சர்க்கரை ஆலைக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. நூறு டன் கரும்பை ஆட்டினால் ஏறத்தாழ முப்பது டன் சக்கை மிஞ்சும், அதுவே எரிபொருள். நெல்லுக்கும் அப்படியே. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலைகளிலும், கூட்டுறவு அரிசி ஆலைகளிலும் புழுக்குவதற்கு நீராவி தேவைப்படுவதால், உமியை வெறுமனே எரிப்பதைவிட மின்சாரமும் எடுத்துப் பின் எரிப்பின் பயனைக் கொள்வதே அறிவுடைமை.

எனினும் இத்துறையில் தமிழ்நாடு பெற்ற கசப்பான அனுபவத்தை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 2010-ஆம் ஆண்டையொட்டி, 10 கூட்டுறவு ஆலைகளும் 2 பொதுத்துறை ஆலைகளுமாகப் பன்னிரண்டு சர்க்கரை ஆலைகளில் மொத்தம் 183 மெகாவாட் இணை மின் நிலையங்களை மின்வாரியத்தின் பொறுப்பில் அமைக்கும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீடு அது. கருத்து மிகச் சிறந்தது. ஆனால் வேலை குறித்த காலத்தில் முடியவில்லை. மாதக் கணக்கில் முடிவதாகச் சொல்லப்பட்டது ஆண்டுக் கணக்கில் இழுத்தது. அதற்கிடையே 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. கரும்புப் பரப்பு சுருங்கியது. வெட்டிய கரும்புக்குப் பணம் வர நாளானமையால் உழவர் வேறு பயிருக்கு மாறினர். அலங்காநல்லூர்க் கூட்டுறவு ஆலை போன்றவற்றில் கரும்பு போதாமையால் அரவையே நின்றது. அரவை நின்ற ஆலையில் சக்கை ஏது? சக்கை இல்லாத இடத்தில் டர்பைன் எதற்கு?

இதிலிருந்து பெறவேண்டிய பாடம், இணை மின் உற்பத்தி தவறு என்பதன்று. யந்திரத்தை முதலில் எண்ணி, கரும்பைப் பின்னர் எண்ணியதே தவறு. மின் நிலையத்தின் உண்மையான அஸ்திவாரம் சிமெண்டுத் தளம் அன்று. கரும்பு போடும் அங்கத்தினருக்கு நாள் தவறாமல் கொடுக்கப்படும் பணமேயாகும். மின்சாரம் விற்ற வருவாயில் ஒரு பகுதி கரும்பு விலையோடு சேர்ந்து உழவர் கைக்கு வருமென்று முதல்நாளே எழுதி வைத்திருந்தால், ஆலையோடு உழவருக்கிருந்த கட்டு இன்னும் இறுகியிருக்கும் என்பதே நமது கருத்து.

நம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இல்லை. ஆதலின் இங்கே பெரிய இணை மின் நிலையம் வேண்டுமென்று நாம் கோரவில்லை. விறகுக்காகத் தோட்டங்களை அழித்து மின்சாரம் எடுப்பதும் நமக்கு உடன்பாடன்று. ஆனால் வெப்பத்தை முதலில் எண்ண வேண்டும் என்ற தத்துவம் நமக்கும் பொருந்தும். மருத்துவமனையில் துணி துவைக்கவும், கருவிகளைக் கொதிநீராவியில் தூய்மை செய்யவும், நோயாளிகளுக்குச் சமைக்கவும் வெந்நீரும் நீராவியும் வேண்டும். கூட்டுறவுச் சாயச்சாலையில் சாயத்தொட்டி சூடேற வேண்டும். பால் ஒன்றியத்தில் பாலைக் காய்ச்சித் தூய்மை செய்யவேண்டும். இவற்றுக்கு விலையுயர்ந்த மின்சாரத்தையோ எண்ணெயையோ எரிப்பதைவிட, கூரைமேல் சூரிய வெந்நீர்க் கொப்பரைகளை வைத்துத் தண்ணீரை முக்காற்பங்கு சூடாக்கிக் கொண்டால், எஞ்சிய காற்பங்குச் சூட்டுக்கே எரிபொருள் தேவைப்படும். மிக எளிய யந்திரம் அது, பழுதும் குறைவு.

கூரைகள் சும்மா கிடக்கலாமா?

சூரியத் தகடுகளைப் பற்றிய சாதாரணக் கணக்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஒரு கிலோவாட்டுத் தகட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். ஆயிரம் சதுர அடிக் கூரையுள்ள ஒரு கிடங்கு பத்துக் கிலோவாட்டைத் தாங்கும். நாளைக்கு நாற்பது யூனிட், ஆண்டுக்குப் பதினாலாயிரம் யூனிட் அளவுக்குத் தரும். மாவட்டத்திலுள்ள பள்ளிகள், அலுவலகங்கள், கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டடங்கள், நெல் கிடங்குகள் யாவற்றின் கூரைகளையும் மனத்தில் அளந்து பார்ப்பவருக்கு நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கமும் இதை அறியாமலில்லை. 2012-இல் வெளியான தமிழ்நாட்டுச் சூரிய சக்திக் கொள்கை, புதிய அரசாங்கக் கட்டடங்களின் கூரைகளில் சூரியத் தகடுகள் வேண்டுமென்றது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கும் குறித்தது. அந்த இலக்கு குறித்த ஆண்டில் எட்டப்படவில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் ஒரு கோடி வீடுகளை முன்வைத்துத் தொடங்கிய சூரிய வீடு திட்டத்திலும் அரசாங்கக் கட்டடங்களின் கூரைகளுக்கு இடமளிக்கப்பட்டது. அதே ஆண்டில் மாநில மின் நிறுவனம் பிரிக்கப்பட்டு, பசுமை எரிசக்திக்கென்றே தனிக் கழகம் ஒன்று அமைந்தது. ஆகவே உத்தரவுகளுக்கும் அலுவலகங்களுக்கும் குறைவில்லை. குறைவு எங்கே என்றால், தகடு பொருத்திய மறுநாள் முதல் அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதில்தான்.

தகட்டின்மேல் புழுதி படிந்தால் மின்சாரம் குறையும். கடலோர உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். இன்வர்ட்டர் சில ஆண்டுகளுக்கொரு முறை பழுதாகும். திறப்புவிழாவுக்குப் பணம் ஒதுக்கப்படுவது போல் துடைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் பணம் ஒதுக்கப்படுவதில்லை. பள்ளித் தலைமையாசிரியரும் மருத்துவரும் தத்தம் வேலையை விட்டு இதைக் கவனிக்கவும் இயலாது. இதற்கு மாற்றாகத் தனியார் கம்பெனியே தன் செலவில் தகடு பொருத்தி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்கும் ஏற்பாடும் உண்டு. முதல் இல்லாத நிறுவனத்துக்கு அது உதவக்கூடியதே. ஆனால் கூரை நம்முடையது, வெயில் நம்முடையது, இலாபம் மட்டும் வேறொருவருடையது என்ற நிலை இருபத்தைந்து ஆண்டு நீடிப்பதற்குமுன், அந்த வேலையை நாமே கூட்டுறவாகச் செய்ய முடியாதா என்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

கூட்டுறவுக்குச் சட்டம் இடம் தருகிறது

முடியும் என்பதே நமது துணிபு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், சொந்த உபயோக மின் நிலையத்துக்கு இலக்கணம் கூறுமிடத்தில், அங்கத்தினர்களின் உபயோகத்துக்காகக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் மின் நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2005-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, உபயோகிப்பவர்கள் உரிமைப் பங்கில் நூற்றுக்கு 26-க்குக் குறையாமல் கொண்டிருக்க வேண்டும். உண்டாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு 51-க்குக் குறையாமல் தாமே உபயோகிக்க வேண்டும். பெரிய ஆலைகள் தமக்கெனக் காற்றாலை வைத்துக்கொண்டது இத்தகைய ஏற்பாட்டினால்தான். அதே வாசல் நமக்கும் திறந்திருக்கிறது.

கூட்டுறவுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. தெலுங்கானாவில் நெசவுக்குப் பேர்போன சிர்சில்லாப் பகுதியில் 1970 தொடங்கி மின்சாரத்தை வீடுதோறும் வழங்கி வருவது கூட்டுறவுச் சங்கமேயாகும். குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் உழவர் ஆறு பேர் 2016-இல் தம் வயல் பம்புகளுக்குச் சூரியத் தகடு வைத்து, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தைச் சங்கமாகக் கூடி மின்கம்பெனிக்கு விற்கத் தொடங்கினர். டென்மார்க்குத் தலைநகரான கோபன்ஹேகனின் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இருபது காற்றாலைகளில் பாதி நகர மின் நிறுவனத்துக்கு உரியவை. மற்றப் பாதி, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு வாங்கிச் சேர்ந்த கூட்டுறவுக்கு உரியவை. பொது நிறுவனமும் கூட்டுறவும் தோளோடு தோள் நின்று முதல் போட்ட இந்த ஏற்பாடு, நாம் கருத்தில் கொள்ளத்தக்க மாதிரியாகும்.

இனி நம் வாசலுக்கே வருவோம். ஆரல்வாய்மொழியில், காற்றாலைகளின் நடுவே, கன்னியாகுமரி மாவட்டக் கூட்டுறவு நூற்பாலை நிற்கிறது. தமிழ்நாட்டில் எஞ்சியுள்ள ஒருசில கூட்டுறவு நூற்பாலைகளுள் அது ஒன்று. இலவச வேட்டி சேலைக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைக்கும் நூல் தரும் ஆலைகளின் வரிசையைச் சேர்ந்தது. நூற்பாலையின் செலவில் பஞ்சுக்கு அடுத்து நிற்பவை கூலியும் மின்சாரமும். பஞ்சு விலை நம் கையில் இல்லை. கூலியைக் குறைப்பது கூட்டுறவுக்கு அழகன்று. குறைக்கக்கூடியது மின்சாரச் செலவு ஒன்றே. அந்தச் செலவு குறைந்தால் நூல் விலை நிதானப்படும். நூல் விலை நிதானப்பட்டால் தறிக்காரரின் கூலிக்கு இடம் உண்டாகும். அந்த ஆலையின் கதிர்கள் முழுவதும் அக்கணவாயின் காற்றாலேயே சுழலும் நாள் வரவேண்டும். வெண்ணெய் கையிலிருக்க நெய்க்கு அலைவது நமக்குத் தகாது.

இப்போது இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கணவாயில் முதலில் நாட்டப்பட்ட சிறு யந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. இருநூறு முந்நூறு கிலோவாட் திறனுள்ள பழைய யந்திரங்கள் நிற்கும் நல்ல காற்றுள்ள நிலத்தில், இன்றைய யந்திரம் ஒன்று இரண்டாயிரம் கிலோவாட்டுக்கு மேலும் தரும். இருபதாண்டு கடந்த காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கும் மாற்றுவதற்கும் மாநில அரசாங்கம் 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆகவே அந்த நிலங்களில் புதிய ஏற்பாடுகள் எழுதப்படும் காலம் இது. இம்முறை எழுதப்படுவது அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நிற்கும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெற்களத்துக்கு மட்டும் சொன்ன பழமொழியன்று.

நாம் கோருவன

முதலாவதாக, கணக்கு வேண்டும். மாவட்டத்தின் ஒவ்வொரு அரசாங்க நிறுவனமும் கூட்டுறவு நிறுவனமும் ஆண்டுக்கு எத்தனை யூனிட் உபயோகிக்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு, அதில் வெந்நீருக்கும் நீராவிக்கும் போவது எவ்வளவு என்பதை ஒரே ஏட்டில் எழுதவேண்டும். வீணாவதை நிறுத்துவதே மலிவான மின்சாரம். குண்டு பல்புகளையும் பழைய மோட்டார்களையும் மாற்றாமல் கூரைக்குத் தகடு போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டுவது போலாகும்.

இரண்டாவதாக, காற்றில் பங்கு வேண்டும். கணவாயில் மின்வாரியத்தின் பழைய யந்திரங்கள் நிற்கும் இடங்கள் புதுப்பிக்கப்படும்போது, நூற்பாலையும், நெசவாளர் சங்கங்களும், ஊராட்சிகளும் கூட்டாக அதில் பங்குபெற வழி செய்யவேண்டும். காற்று ஆடியில் மிகும், ஐப்பசிக்குப்பின் மெலியும். வெயிலோ மாசி முதல் சித்திரை வரை மிகும். ஒன்று குறையும்போது மற்றொன்று தாங்கும். ஆகவே இரண்டையும் ஒரே திட்டத்தில் இணைப்பதே விவேகம். மின்வாரியக் கம்பிவழி மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கட்டணமும், மிகுந்ததைச் சேமித்துப் பின் பெறும் விதிகளும் காலந்தோறும் மாறுவன. பொதுநல நிறுவனங்களுக்கேனும் அவ்விதிகள் கடன் தீரும் வரையில் மாறாதிருக்க உறுதி வேண்டும்.

மூன்றாவதாக, பராமரிப்பை ஊரிலேயே வைக்கவேண்டும். நம் மாவட்டத்தில் தொழிற்பயிற்சி பெற்ற இளைஞருக்குக் குறைவில்லை. அவர்களைக் கொண்ட பராமரிப்புக் கூட்டுறவு ஒன்று அமைத்து, பள்ளி, மருத்துவமனை, கிடங்கு ஆகியவற்றின் தகடுகளையும் வெந்நீர்க் கொப்பரைகளையும் ஆண்டு ஒப்பந்தத்தில் கவனிக்கச் செய்யலாம். மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே தனி நிதியாக ஒதுக்கவேண்டும். அதைப் பிற செலவுக்குத் தொடலாகாது.

நான்காவதாக, வரவு செலவு வெளிப்படையாக இருக்கவேண்டும். உண்டான யூனிட், உபயோகித்த யூனிட், மிச்சமான பணம் மூன்றையும் மாதந்தோறும் நிறுவனத்தின் வாசற் பலகையில் எழுதி வைக்கவேண்டும். கடைமடையில் தண்ணீர் வந்ததா என்று கேட்கும் உழவர், பள்ளிக் கூரையில் மின்சாரம் வந்ததா என்றும் கேட்பார். அந்தக் கேள்வியைவிடச் சிறந்த மேற்பார்வை வேறில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று சிலர் கேட்பர். ஓடந்துறை ஊராட்சி போன இடத்துக்கே நாமும் போகலாம்: கொஞ்சம் சேமிப்பு, மீதி பாங்கிக் கடன், அடைப்பதற்கு மின்சாரமே ஈடு. மாவட்ட மத்திய கூட்டுறவுப் பாங்கி நம் அங்கத்தினர்களின் வைப்புத்தொகையைக் கொண்டே இயங்குவது. பயிருக்கும் தறிக்கும் கடன் கொடுப்பது போல், வரவு நிச்சயமாகத் தெரியும் இத்தகைய முயற்சிக்கும் கடன் கொடுப்பது பாங்கியின் தொழிலுக்கு மாறானதன்று. ஆனால் கடன் வாங்குமுன் கணக்கு சரியாயிருக்க வேண்டும், பேராசை கூடாது. ஒரு கிடங்கு, ஒரு சாயச்சாலை, ஒரு மருத்துவமனைச் சமையற்கூடம் என்று சிறிதாகத் தொடங்கி, ஓராண்டுக் கணக்கைக் கண்ணால் கண்டபின் பெருக்குவதே கூட்டுறவு முறை.

வரவிருக்கும் பொதுப்பேரவைக் கூட்டங்களில் ஒவ்வொரு சங்கமும் தன் கட்டடத்தின் மின்கட்டணச் சீட்டுகளை ஓராண்டுக்கு எடுத்து வைத்துப் பேசும்படியும், நூற்பாலையின் மின்சாரத்தைப் பற்றியும் கணவாயின் பழைய யந்திர இடங்களைப் பற்றியும் தீர்மானம் நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்பும்படியும் அங்கத்தினர்களை வேண்டுகிறோம். அணைத் தண்ணீரில் கடைமடைக்கும் பங்கு உண்டென்று நிலைநாட்டியவர்கள் நம் முன்னோர். காற்றிலும் வெயிலிலும் பொதுக் கட்டடத்துக்கும் கூட்டுறவுக்கும் பங்கு உண்டென்று நிலைநாட்டும் பொறுப்பு நம்முடையது.